மூன்று சிவப்பு விளக்குகள்

எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டி 2005 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. முகப்பிலுள்ள ஒளிவளையத்தில் முக்கால் பங்கு சிவப்பாக மின்னினால் பெட்டி போய்விட்டது என்று பொருள். பழுதுகள் வழக்கமான அளவில்தான் இருக்கின்றன என்று முதலில் சொன்ன மைக்ரோசாஃப்ட், 2007 ஜூலையில் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக்கி, நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. அதற்குமுன் பழுதுபார்க்கக் கொடுத்த பணமும் திரும்பக் கிடைத்தது.

வணிக நேர்மைக்கு இதை உதாரணம் காட்டுகிறார்கள். பணத்தைப் பொறுத்தவரை சரி. ஆனால் அதுவரை எத்தனை வீடுகளில், "ராத்திரி பகலாப் போட்டு வச்சா இப்படித்தான்" என்று பிள்ளைக்குத் திட்டு விழுந்திருக்கும்! (என் மென்பொருள் தொழிலிலும் பயனரின் தவறு என்று எழுதிவிடுவதுதான் சுலபம்.) தன் பெட்டி ஒன்றுதான் கெட்டது என்று நினைப்பவர் தன்னையே நொந்துகொள்கிறார். எத்தனை பெட்டிகள் திரும்பி வருகின்றன என்று எண்ணக்கூடிய இடத்தில் இருந்தது நிறுவனம் மட்டுமே. அதன் கடன் பணம் கொடுத்த நாளிலிருந்து அல்ல, எண்ணிக்கை தெரிந்த நாளிலிருந்தே தொடங்குகிறது.

சூடாகி ஆறிச் சூடாகி உள்ளிணைப்புகள் முறிந்த கதையை 2021இல் தன் ஆவணப்படத்தில் நிறுவனமே விரிவாகச் சொன்னது. கூடவே அந்தச் சிவப்பு வளையத்தைச் சுவரொட்டியாக அச்சிட்டும் விற்றது. அன்று திட்டு வாங்கியவர்களில் சிலர் அதையும் வாங்கியிருப்பார்கள்.