பின்பக்கத்தை முதலில் செய்யுங்கள்

சிவகாசி டிசைனர்களே, தீபாவளி ஆர்டர் குவிகிறது என்று பழைய ஜாபைத் திறந்து, பட்டாசின் பெயரை மட்டும் மாற்றி, பெட்டியின் பின்பக்கத்தை அப்படியே பிளேட்டுக்கு அனுப்பாதீர்கள். அந்தப் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்து, பசுமைப் பட்டாசுக்கு வழிவிட்டது. 2021-ல் சிபிஐ விசாரணை அறிக்கை அதே நீதிமன்றத்தின் பார்வைக்கு வந்தது. அதன்படி, சில கம்பெனிகளின் சரக்கில் பேரியம் இருந்தது. லேபிளில் போட்டிருந்ததும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. பெட்டிகளில் போலி கியூஆர் என்ற புகாரும் 2021 அக்டோபர் உத்தரவில் ஏறியது. மருந்து கலந்தது வேறு கை. அந்த லேபிளை ஏதோ ஒரு டிசைனர்தானே வைத்தார்? ‘பார்ட்டி கொடுத்தார், வைத்தேன்’ என்பது பதிலாகாது. பசுமைப் பட்டாசுக்கான நீரி சின்னம் கேட்டால் சான்றிதழ் நகலைக் கேளுங்கள். கியூஆரை உங்கள் போனிலேயே ஸ்கேன் செய்யுங்கள். வேறு கம்பெனியின் பெயர் வந்தால் வேலையை நிறுத்துங்கள். ஆர்டர் போனால் போகட்டும்.

1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டதில்தான் இங்கே அச்சுத் தொழில் வளர்ந்தது. லேபிளால் சோறு தின்ற ஊரில் லேபிள் பொய் சொல்லலாமா?

உண்மையை எழுதிவிட்டு, படிக்க முடியாதபடி அச்சடிப்பதும் தவறுதான். புஸ்வாணப் பெட்டி ஒன்றை எடுத்துப் பாருங்கள். முகப்பு முழுக்க மயில். எச்சரிக்கையோ பின்பக்கத்தில், சிவப்பும் மஞ்சளும் கலந்த பின்னணியில், வெள்ளை எழுத்தில், நான்கு பாயின்ட்டில். ரிஜிஸ்டர் மயிரிழை விலகினாலும் ‘ஞ’, ‘ணை’ சுழிகள் அடைத்துக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். வெளிர் பின்னணி கொடுங்கள். எழுத்து கருப்பு ஒரே கலரில், நூறு சதவீதம் இருக்கட்டும். கியூஆருக்கும் அப்படியே. அதைச் சுற்றி வெள்ளை இடம் விடுங்கள், டையின் மடிப்பில் விழவிடாதீர்கள். தமிழைக் கர்வ் செய்யாமல் அனுப்பினால் அடுத்த கம்ப்யூட்டரில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போய்விடும்.

அந்தப் பெட்டியை எங்கோ ஒரு பிள்ளை பிரிக்கும். எட்ட நின்று கொளுத்து என்று சொல்ல அங்கே ஃபோர்மேனும் இருக்கமாட்டார், முதலாளியும் இருக்கமாட்டார். நீங்கள் வைத்த வரிகள் மட்டுமே இருக்கும்.

இப்போது மேஜையில் இருக்கும் ஜாபிலேயே தொடங்குங்கள். ப்ரூஃபை அசல் அளவில் எடுத்து, பெட்டியாக மடித்து, மங்கிய வெளிச்சத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் திணறினால் மயிலைச் சுருக்குங்கள்.