ஒரே தொட்டித் தண்ணீர்

"வீடு வாடகைக்கு விடப்படும்." புதுப்பட்டினத்தில் இந்தப் பலகைக்குப் பஞ்சமில்லை. 1971 இல் பக்கத்துக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி நிலையம் கால்கொண்டது. 1983 இல் அணுமின் நிலையத்தின் முதல் உலை உயிர்பெற்றது. நிலையான பணியாளர்க்கு நகரியத்தில் அரசு வீடு உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கடை வைத்துப் பிழைப்பவருக்கும் புதுப்பட்டினத்து வாடகை வீடே புகலிடம். நகரியத்தில் வீடு ஒதுக்குவோர் சம்பளத்தைப் பார்க்கின்றனர், பிறப்பைப் பார்ப்பதில்லை. வேலிக்கு வெளியே வந்தால்? இங்கு மட்டுமா, செங்கற்பட்டிலும் சென்னையிலுந்தான், பலகையில் எழுதப்படாத ஒரு கேள்வி வாசலிலே காத்திருக்கிறது. "நீங்க என்ன ஆளுங்க?"

பட்டினம் புதிது, கேள்வியோ பழையது!

அடுக்குமாடியில் குடியிருப்போர் படும் அல்லல் பல. பத்து மாத வாடகை முன்பணம். காலி செய்யும் நாளில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த கணக்கு. மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம். கட்டணம் கட்டுபவர் குடியிருப்பவர். சங்கத்திலே வாக்கு மட்டும் உரிமையாளருக்கு, அவர் துபாயில் இருந்தாலும்! சொத்துள்ளவனுக்கே ஓட்டு என்ற முறையை 1952 தேர்தலோடு சட்டமன்றத்தைவிட்டு விரட்டினோம். அது மாடிப்படி ஏறி ஒளிந்துகொண்டது போலும்.

ஆயினும் அடுக்குமாடியை நாம் பழிக்கமாட்டோம். ஊர் என்றும் சேரி என்றும் பிரித்து, தெருவுக்கொரு கிணறு வெட்டி வாழ்ந்த மக்களை, எந்தச் சீர்திருத்தக்காரனும் மேடை ஏறாமலே இந்தக் கட்டடம் ஒன்றாக்கியிருக்கிறது. மொட்டைமாடியில் ஒரே தொட்டி. அதிலிருந்து இறங்கும் தண்ணீர் எந்தக் குழாயில் எவர் கை பட்டது என்று கேட்பதில்லை. ஒருவர் வீட்டுக் கூரை இன்னொருவர் வீட்டுத் தரை. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், எதிர்வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறோம். அவர் குலத்தை விசாரித்துவிட்டா தட்டுகிறோம்? வாடகைக் குடியிருப்பின் மெய்யான பயன் இதுவே. அந்தப் பயனைத்தான் வாசற்கேள்வி வடிகட்டி எறிகிறது.

1917 இல் கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பி, பரோடா அரசில் பணியேற்கச் சென்றார் அம்பேத்கர். தங்க இடமில்லை. பார்சி விடுதியொன்றில், பார்சிப் பெயர் பூண்டு தங்கினார். சில நாளில் உண்மை தெரிந்தது. தடியோடு வந்து வெளியேறச் சொன்னது ஒரு கூட்டம். இந்து நண்பரை நாடினார். 'நீங்கள் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவர்' என்றார் அவர். கிறித்தவ நண்பரோ, 'மனைவி நாளை வருகிறாள், கேட்டுச் சொல்கிறேன்' என்றார். பேரறிஞர் பூங்காவிலே பொழுதைக் கழித்து, இரவு இரயிலேறிப் பம்பாய் திரும்பினார்! தடி தூக்கியவரைவிட, இதமாகப் பேசி அனுப்பிய இருவரே இன்று பெருகிவிட்டனர் என்போம். "நேற்றே வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டாரே" என்ற தேன்மொழியைக் கேளாதவர் உண்டோ?

சட்டம் இல்லையா? உண்டு. தீண்டாமையின் பேரால் ஒருவரை எப்பகுதியிலும் குடியிருக்கவொட்டாமல் தடுப்பது குற்றம் என்கிறது 1955 ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் தேன்மொழிக்குச் சாட்சி ஏது? அரசியலமைப்பின் 15 ஆம் பிரிவு கடையையும் உணவுவிடுதியையும் கிணற்றையும் குளத்தையும் பெயர் சொல்லித் திறந்துவிட்டது. வாடகை வீட்டைப் பெயர் சொல்லவில்லை. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்புரிமை என்ற வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்க விதியை 2005 இல் உச்சநீதிமன்றமே செல்லும் என்றது. நிறவெறிக்குப் பேர்போன அமெரிக்காவும் பிரிட்டனும், நிறம் பார்த்து வீடு மறுப்பதை 1968 இலேயே சட்டத்தால் தடுத்தன. அங்கும் சில விலக்குகள் இருந்தன என்பது வேறு.

'என் வீடு, என் விருப்பம்' என்பர். வாடகை தவறாமல் தருவாரா என்று கேட்கட்டும். வீட்டைப் பாழாக்காமல் வைத்திருப்பாரா என்று கேட்கட்டும். அது வீட்டைக் காக்கும் கேள்வி. குலத்தைக் கேட்பது எந்தச் சுவரைக் காக்கிறது? பலகை மாட்டியவுடன் வீடு பண்டமாகிவிட்டது, மாட்டியவர் வணிகராகிவிட்டார். அரிசி விற்பவன் குலம் கேட்டால் நாடு பொறுக்குமா?

இதுவரை சொன்னது உரிமையாளருக்கு. கடினமான பகுதி இனித்தான். அது நம் இளைஞருக்கு.

கேள்வி கேட்கப்படுகிறது. நம் தோழர் கூச்சத்தோடு, ஆனால் தெளிவாக, தம் குலத்தைச் சொல்கிறார். உரிமையாளர் முகம் மலர்கிறது. சாவி கைக்கு வருகிறது. 'கேட்டது அவர் குற்றம், சொன்னது உண்மைதானே' என்கிறார் தோழர். உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்கு விலை கிடைத்தது; அந்த விலையைக் கொடுத்தவர், அதே படியில் நேற்று ஏறி வெறுங்கையோடு இறங்கியவர்! பிறப்பால் வந்த சலுகையை மேடையில் கண்டித்துவிட்டு, சாவிக்கொத்தாக வாங்கிக்கொள்வது எந்த வகைப் பகுத்தறிவு?

வீடின்றித் தெருவில் நிற்கும் குடும்பத்தலைவனை வீரனாகு என்று நாம் வற்புறுத்தவில்லை. தனியாள், மேன்ஷனில் இன்னும் ஒரு மாதம் தள்ளக்கூடியவர், "அது எதற்கு, அய்யா? வாடகை ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடும், வேலை செய்யும் இடத்தில் என்னைப்பற்றி விசாரியுங்கள்" என்று சொல்லலாமே. சாவி கிடைக்காமற் போகலாம். சொந்த வீடுள்ள தந்தையைப் பெற்ற தோழருக்கோ அந்த இழப்புங்கூட இல்லை. வீடு காலியாகும்போது, வருபவரிடம் எதைக் கேட்பது என்று அப்பாவோடு இன்றிரவே பேசலாம். சங்கக் கூட்டத்தில் வாக்குள்ளவரும் அவர்தாமே.