கருவியும் கையும்

கருவிக்கு நன்மையுமில்லை, தீமையுமில்லை. எல்லாம் அதனைக் கையாளும் மனிதனைப் பொறுத்ததே என்பர். இவ்வாறு கூறியதும் விவாதம் முடிந்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில் முடிந்துவிடுகிறதா? விஞ்ஞானத்தின் அண்மைக்கால ஆக்கமொன்றைக் கொண்டு இதனைச் சிந்திப்போம்.

2009ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்திய அம்பரீஷ் கோஷ், பீர் பிஷர் என்னும் இருவர் கண்ணாடியாலான நுண்ணிய திருகுகளை நீரில் நீந்தச் செய்தனர். அத்தகைய திருகுகள் ஆயிரத்தை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினும் ஓரிரு மில்லிமீற்றரளவே வரும். அவற்றுள் இயந்திரமுமில்லை, எரிபொருளுமில்லை. மேலே பூசிய கோபாற்று உலோகமே காந்தத் தன்மையைத் தருகிறது. வெளியே காந்தப் புலத்தைச் சுழற்றினால் திருகும் உடன்சுழன்று, மரத்திற் புகும் திருகாணிபோல முன்னேறுகிறது.

திருகு வடிவம் ஏன்? அத்துணைச் சிறிய பொருளுக்கு நீரும் கெட்டிப் பாகு போன்றதே. திறந்தும் மூடியும் நீந்தும் சிப்பி அவ்வளவு சிறிதாயின், ஓர் அசைவில் சென்ற தூரத்தை மறு அசைவில் இழந்து, நின்ற இடத்திலேயே நிற்கும் என 1977இல் பௌதிக அறிஞர் எட்வேட் பேர்செல் விளக்கினார். பற்றீரியாக்கள் பல, சுருள் வால்களைச் சுழற்றியே இத்தடையை வெல்கின்றன. மனிதன் அவற்றின் வழியைப் பின்பற்றினான்.

உடலினுள் நோயுற்ற இடத்திற்கே மருந்தைச் சுமந்து செல்ல இவை உதவும் என்னும் நம்பிக்கையோடு ஆய்வுகள் நடைபெறுகின்றன. வரவேற்கத்தக்க நம்பிக்கையே. ஆயினும் சம்மட்டியைப் பிடித்த கை நம் கண்ணுக்குத் தெரியும்; இங்கோ கருவி நோயாளியின் உடலினுள், கை வெளியே. கருவியை நோயாளி உணரான், நிறுத்தவும் இயலான்.

சத்திரசிகிச்சையில் மயங்கிக் கிடப்பவனும் கத்தியைக் காண்பதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனாலன்றோ அவனுடைய சம்மதத்தை முன்னரே பெறவும், சத்திரவைத்தியர் தம் செயலுக்குப் பதில் சொல்லவும் வேண்டுமெனச் சமுதாயம் விதித்தது? கத்தி குற்றமற்றது என்பதால் வைத்தியர் விடுபடவில்லை. பொறுப்பு முழுவதும் அவர்மீது வந்தது.

ஆனால் காந்தப் புலத்தைச் சுழற்றுபவர் ஊதியம் பெறும் ஓர் ஊழியராகவும் இருக்கலாம். எந்த நோய்க்கு முதலிடம், எந்த விலைக்குச் சிகிச்சை என்பவற்றை அவர் தீர்மானிப்பதில்லை. ஆய்வுக்குப் பணமிடுவோரும் காப்புரிமையை வைத்திருப்போரும் தீர்மானிக்கின்றனர். அவ்வாறாயின் ‘கையாளும் மனிதன்’ என்பவன் யார்? அவனிடம் கணக்குக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டா?

இக்கேள்விகளைத் தவிர்த்து, ‘கருவி குற்றமற்றது, மனிதனே பொறுப்பு’ என்று திறந்து மூடும் வாதம் பேர்செலின் சிப்பியைப் போன்றது; ஓரடியும் முன்செல்லாது. பொறுப்பு மனிதனுடையது எனின், அம்மனிதன் யாரென்று சுட்டப்படவேண்டும். அவனைத் தடுத்து நிறுத்தும் வலிமையும் மக்களிடம் இருத்தல் வேண்டும்.