நடக்காத நடையை அளப்பது

காலை இழந்த ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். செயற்கைக்கால் இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் அவருடைய நடைத்திறனை அளக்க வேண்டும். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் அதற்கென்றே ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் கெய்லியும் அவருடைய சகாக்களும் 2002இல் வெளியிட்ட ‘ஆம்ப்யூட்டி மொபிலிட்டி பிரெடிக்டர்’ அது. மொத்தம் 21 அம்சங்கள். சாயாமல் உட்கார முடிகிறதா, கை ஊன்றாமல் எழ முடிகிறதா, ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, நெஞ்சில் லேசாகத் தள்ளினால் தடுமாறுகிறாரா, தரையில் கிடக்கும் பென்சிலைக் குனிந்து எடுக்கிறாரா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். செயற்கைக்கால் இல்லாமலும் செய்து பார்க்கலாம். பொருத்திய பிறகும் செய்யலாம்.

ஆறு நிமிட நடைச் சோதனை இவ்வளவு சிக்கலானதல்ல. நீண்ட தாழ்வாரத்தில் ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடந்தார் என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். நடந்ததை அளப்பதில் தத்துவச் சிக்கல் எதுவும் இல்லை. நடக்கப்போவதை அளக்கும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

ஏனென்றால் அந்த அளவை நம்பித்தான் பணம் வருகிறது. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர், கால் இழந்தவர்களைக் கே0 முதல் கே4 வரை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. கே1 என்றால் சமதளத்தில், ஒரே வேகத்தில், பெரும்பாலும் வீட்டுக்குள். கே2 என்றால் சிறு படி, நடைபாதை விளிம்பு போன்றவற்றைத் தாண்டுபவர். வேகத்தை மாற்றி மாற்றி நடப்பவர் கே3. நுண்கணினி பொருத்திய விலையுயர்ந்த முழங்கால் வெகுகாலம் கே3, கே4 நிலையினருக்கே என்றிருந்தது. நல்ல முழங்கால் இருந்தால் நன்றாக நடப்பார். நன்றாக நடப்பவருக்கே நல்ல முழங்கால். இதில் முதலில் வரவேண்டியது எது?

மெடிகேரின் வரையறை ‘திறன்’ என்பதோடு நிற்கவில்லை; ‘திறனுக்கான வாய்ப்பு’ என்றும் சேர்த்துக்கொள்கிறது. அங்கே அரிஸ்டாட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். செய்துகொண்டிருக்கும்போது மட்டுமே ஒருவருக்கு ஒரு திறன் உண்டு என்று மெகாராவைச் சேர்ந்த தத்துவவாதிகள் வாதிட்டார்கள். அப்படியானால் உட்கார்ந்திருப்பவர் எழவே முடியாதே என்று ‘மெட்டாஃபிசிக்ஸ்’ நூலின் ஒன்பதாம் பகுதியில் அவர் மடக்குகிறார். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்ததும் தொழிலை மறந்துவிடுவதில்லை. சரி. ஆனால் உள்ளே இருக்கும் அந்த ஆற்றலை வெளியிலிருந்து பார்ப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு அவரும் மதிப்பெண் அட்டவணை தரவில்லை.

பெரியபுராணத்தில் இதே கேள்வி வேறு முகத்தோடு வருகிறது. கயிலைக்குப் புறப்பட்ட முதிய திருநாவுக்கரசருக்குப் பாதம் தேய்ந்தது, கைகளால் தவழ்ந்தார். கையும் தேய்ந்தது, மார்பால் உந்தினார், பிறகு புரண்டார். முனிவராக வந்த சிவன், மானுட உடம்போடு அங்கே போய்ச்சேர முடியாது, திரும்பிவிடு என்கிறார். மருத்துவர் சொல்லக்கூடிய கணிப்புதான் அது. தவறென்றும் சொல்ல முடியாது. நாவுக்கரசர் கயிலை மலையை அடையவில்லை. பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சியைக் கண்டார். கணிப்பு பலித்தது, பயணமும் நிறைவேறியது. மன உறுதி இருந்தால் போதும் என்று இந்தக் கதையைச் சுருக்கி நோயாளிகளிடம் சொல்பவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். நாவுக்கரசருக்கு மாறியது உடம்பின் திறன் அல்ல, போய்ச்சேரும் இடம்.

எங்கே போய்ச்சேர வேண்டும் என்பது அளவுகோலையும் மாற்றிவிடும். 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பியல் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், வெறுங்காலோடு நடப்பவருக்காக, குந்தி உட்கார்பவருக்காக, சம்மணமிடுபவருக்காகச் செய்யப்பட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போக வேண்டிய ஊருக்கு மேலைநாட்டுப் பாதம் சரிப்படவில்லை. தரையில் உட்கார்ந்து எழுவதைக் கே வரிசையின் வரையறைகளில் தேடினால் கிடைக்காது. அந்த வரிசையை எழுதியவர்களின் வாழ்க்கை நாற்காலியில் நடந்தது.

அளவே வேண்டாம் என்பதும் சரியல்ல. எண் இல்லாவிட்டால் மருத்துவரின் கண் மட்டும்தான் தீர்ப்பு. வயதும் வசதியும் பார்க்காத கண் அபூர்வம். 2024 செப்டம்பரில் மெடிகேர் தன் விதியைத் தளர்த்தி, நுண்கணினி முழங்காலைக் கே2 நிலையினருக்கும் நிபந்தனைகளோடு அனுமதித்தது. மெதுவாக நடப்பவர்தான் அதிகம் விழுகிறார், விழாமல் காக்கும் முழங்கால் அவருக்கும் தேவை என்ற வாதத்துக்கு ஆய்வுகளில் வந்த அளவீடுகளே துணைநின்றன.