கை வைத்ததும் கைவிட்டதும்

போன மாதம் திரிங்காப் கோயில் மண்டபத்தில் நம் இளைஞர் சந்திப்பு. கீதை வகுப்பு முடிந்ததும் ஒரு தங்கச்சி கேட்டாள்: "ஐயா, ஒருத்தர் பத்து விஷயத்துல கை வைக்கிறாரு. அது தேடலா, இல்ல மனசு அலையுறதா?" ஐயா இரண்டாம் அத்தியாயத்தைப் புரட்டினார். உறுதியுள்ள புத்தி ஒன்றைப் பற்றி நிற்கும், உறுதியில்லாதது கிளை கிளையாகப் பிரிந்து போகும் என்ற கருத்து அங்கே வருகிறது. எல்லோரும் தலையாட்டினோம். எனக்கு மட்டும் உறுத்தியது. காரணத்துக்கு அப்புறம் வருகிறேன்.

அப்போது என் நினைவுக்கு வந்தவர் ஆர். நரசிம்மன். கம்ப்யூட்டர் படிக்கிற நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? 1926-ஆம் ஆண்டு பிறந்த தமிழர். அமெரிக்காவில் கால்டெக்கில் மின்பொறியியல் படித்து, பிறகு கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். 1954-இல் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு சின்னக் குழு சொந்தமாகவே ஒரு பெரிய கம்ப்யூட்டரைக் கட்ட இறங்கியது. குழுவில் பெரும்பாலோர் கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்திராத இளைஞர்கள், ஏறக்குறைய நம் வயதுக்காரர்கள்.

முதலில் ஒரு சின்ன மாதிரி. அது 1956-இல் ஓடியது. முழு இயந்திரம் வேலைக்கு வந்தது 1960-இல். இரண்டு வருடம் கழித்து நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் வைத்தார். பழைய ரேடியோவில் இருக்குமே வால்வு, அந்த மாதிரி சுமார் 2,700 வால்வுகள் அதில். ஒவ்வொன்றும் சூடாகும், எது எப்போது போகும் என்று தெரியாது. நினைவகத்தில் 2,048 சொற்கள், ஒரு சொல்லுக்கு 40 பிட். கணக்குப் போட்டால் மொத்தமே 10 கிலோபைட். காலையில் 'வணக்கம்' என்று அத்தை அனுப்பும் ரோஜாப்பூ படத்துக்கே அது போதாது. அந்தக் கால நினைவகத்தில் ஒரு பிட்டுக்கு ஒரு காந்த வளையம். கடுகு மாதிரி இருப்பதை மெல்லிய கம்பிகளில் கோர்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 81,920 வளையங்கள்! பூக்கட்டும் அம்மாக்களுக்குத்தான் அந்தப் பொறுமை புரியும்.

இவ்வளவு பாடுபட்டு அது ஓட ஆரம்பித்தபோது, உலகம் வால்வை விட்டு டிரான்சிஸ்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் கழகத்து விஞ்ஞானிகளும் வெளியிலிருந்து வந்தவர்களும் சில வருடங்கள் அதில்தான் கணக்குப் போட்டார்கள்.

1961-இல் நரசிம்மன் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே வேலையே வேறு. அணுத்துகள்கள் விட்டுச்செல்லும் தடங்களை ஆயிரக்கணக்கான புகைப்படங்களில் எடுத்திருப்பார்கள். அவற்றை இயந்திரமே பார்த்துப் படிக்க வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல ஒரு படத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்றார் நரசிம்மன். கோடு, முனை, சந்திப்பு, இவை சேரும் விதம். பம்பாய் திரும்பிய பின் அதையும் தாண்டி, தமிழ் பேசும் ஒரு குழந்தையும் பெற்றோரும் வீட்டில் பேசுவதைப் பதிவு செய்து ஆராயும் வேலையில் இறங்கினார். குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது என்பதுதான் கேள்வி. இலக்கணத்தின் அடிப்படை பிறவியிலேயே இருக்கிறது என்ற சோம்ஸ்கியின் பார்வை கோலோச்சிய காலம் அது. இவரோ, கேட்டும் திருத்தியும் சொல்லிக்கொடுத்தும் பெரியவர்கள் பேசும் பேச்சைக் கவனிக்கச் சொன்னார்.

மெயின்பிரேம், அணு இயற்பியல் படங்கள், மழலை. இது கிளை கிளையாகப் பிரிந்த புத்தியா?

"எல்லாத்துக்கும் பின்னால ஒரே கேள்விதானே, ஒரு நூல்தானே ஓடுது" என்று சிலர் சொல்லலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், பின்னால் நின்று பார்த்தால் யாருடைய வாழ்க்கையிலும் ஒரு நூலைக் கோர்த்துக் காட்டிவிடலாம். என் அலைச்சலுக்கும் காட்டலாம். அதனால் அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

நான் பார்ப்பது வேறு. ஒன்றை விட்டுப் போகும்போது என்ன நிலையில் விட்டார்? டிஃப்ராக் ஓடிய பிறகுதான் அவர் இல்லினாய் போனார். அவர் அங்கே இருந்தபோதும் பம்பாயில் இயந்திரம் ஓடியது. அதைத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். நம் மரபில் ரிஷி கடன் என்று ஒன்று உண்டு. கற்றதை அடுத்தவரிடம் சேர்த்தால்தான் அந்தக் கடன் தீரும். எத்தனை துறை என்று அந்தக் கடன் கணக்குப் பார்ப்பதில்லை. இந்த வேலையை இனி யார் பார்ப்பார்கள் என்றுதான் கேட்கும்.

ஐயாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "அவர் நரசிம்மன், தம்பி. நீ யாரு?" நியாயமான கேள்விதான். பெரிய மனிதரைக் காட்டித் தன் சோம்பலுக்குப் பொன்னாடை போர்த்துவது சுலபம். இனி உறுத்தலுக்கு வருகிறேன்.

திரிங்காப்பில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார். அவர் அம்மா புளூவேலியில் கொழுந்து கிள்ளியவர். இவர் காய்கறித் தோட்டம் போட்டவர். போன வருட விடுமுறையில், மண் காய்ந்தால் தானாகத் தண்ணீர் திறக்கும் கருவி செய்து தருகிறேன் என்றேன். மாமா செலவுக்கு 200 வெள்ளி கொடுத்தார். சென்சார் வேலை செய்தது. தண்ணீர்க் குழாய் வால்வு மட்டும் பாக்கி. அதற்குள் பறவைக் குரலை அடையாளம் காணும் மென்பொருள் ஒன்றில் எனக்கு ஆசை வந்துவிட்டது. அதிலும் நிறையக் கற்றேன், பொய் இல்லை. ஆனால் அந்தப் பெட்டி இன்னும் பிளாஸ்டிக் கூடாரத்துக் கம்பத்தில் தொங்குகிறது. உள்ளே எறும்பு. மாமா இப்போதும் விடியற்காலைக் குளிரில் எழுந்து கையால்தான் தண்ணீர் திறக்கிறார்.

"பரவாயில்லை ஐயா, படிக்கிற பிள்ளை" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பறவைக் குரல் ஆராய்ச்சியை நான் விடப்போவதில்லை. அது என் படிப்புக்குச் சம்பந்தமில்லாதது என்று வெட்கப்படவும் இல்லை. அடுத்த வாரம் வால்வு வாங்கிக்கொண்டு போகிறேன். மாட்டி முடித்ததும், கேட்டி முடித்த மாமா மகளுக்கு அதைக் கழற்றி மாட்டச் சொல்லித்தர வேண்டும். அவள் இப்போதே கேட்டுவிட்டாள்: "அண்ணா, இந்தத் தடவை எத்தனை நாள் இருப்பீங்க?"