நொண்டி ஆட்டத்தில் ஒரு தந்தை

பிள்ளையோடு ஓடிப் பிடித்து விளையாடும் தந்தை, வேண்டுமென்றே தோற்பது பொய்யாகுமா? அன்பினால்தானே என்று நாம் எளிதில் ஆறுதல் கொள்கிறோம். பிள்ளையோ கண்டுகொள்கிறது, வென்ற மகிழ்ச்சி அப்போதே வாடிவிடுகிறது. விளையாட்டிலும் நற்பண்பு உண்டென்று 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய புனித தோமா அக்குவினாஸ், தாமும் மகிழாது பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாயிருப்பதைக் குற்றமென்றே கருதினார்.

நம் முற்றத்து நொண்டி ஆட்டத்தைப் பாருங்கள். பிடிப்பவருக்கு ஒற்றைக் கால். ஓடுபவருக்கு இரண்டு, ஆனால் கோட்டைத் தாண்டலாகாது. தந்தை முழுமூச்சாய்த் துரத்தலாம். ஏழு வயது மகளும் மெய்யாகவே தப்பலாம். நடிப்பு எதற்கு? விதியே வலியவரைத் தாழ்த்திவிடுகிறது. (களைத்ததும் காலை ஊன்றிவிட்டு, ஊன்றவில்லை என்று வழக்காடும் பெரியவர்களும் உண்டு!) அப்போது தீர்ப்புச் சொல்லும் உரிமை மகளுக்கும் கிடைக்கிறது: “அப்பா அவுட்!”