தேர்வு ஒழிந்தது, உண்மையும் ஒழியலாமா?

குழந்தையின் தகுதியை அளந்து கூறுதல் அறமா, கொடுமையா? வினா பழையது, ஆயினும் மலேசியத் தமிழராகிய நம்முன் அது புதிய வடிவில் நிற்கின்றது. 1988 தொடங்கி ஆறாம் ஆண்டு மாணவரை அளந்துவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. 2022இல் மூன்றாம் படிவத்துப் பி.டி.3 தேர்வும் அவ்வழியே சென்றது.

நீக்கியது நன்றே என்பது நம் துணிபு. பிறப்பினால் மனிதனைத் தரம் பிரித்தல் தீதென்று முழங்கும் நாம், பன்னிரண்டு வயதிலே தாளொன்றினால் அவனைத் தரம் பிரித்தலை எங்ஙனம் போற்றுவோம்? '7 ஏ' பெற்ற சிறுவர்க்கு மாலையும் மேடையும் அளித்தோம். பெறாதவனை எவர் நினைத்தார்? தேர்வில்லையேல் பிள்ளை படியான் என்பாரும் உளர். அச்சத்தாற் படித்தவன் அச்சம் நீங்கிய மறுநாளே நூலைக் கைவிடுவான் என்பதை அன்னார் மறந்தனர்.

ஆயினும் ஒன்று கூறுவோம். தேர்வின் நா கொடியதேனும், அது ஓர் உண்மையைச் சொல்லிற்று. சிலாங்கூர் மாநிலத்துக் கோலலங்காட் மாவட்டத்திலே, ஜெஞ்சாரோம் வட்டாரத்துச் செம்பனைத் தொழிலாளி ஒருவரின் மகனை எண்ணிப்பாருங்கள். ஆறாண்டு தமிழில் பயின்ற அவன், அடுத்து மலாய்மொழி வழி நடக்கும் இடைநிலைப் பள்ளியிற் புகவேண்டும். யூ.பி.எஸ்.ஆர். நடந்த காலத்தில், மலாய்மொழித் தாள்களில் உரிய தரம் பெறாதவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்தனர். அக்குறை ஆறாம் ஆண்டின் இறுதியிலா தோன்றியது? எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறிய முதலிரண்டு ஆண்டுகளிலேயே அன்றோ தோன்றியது! நோய் முற்றியபின் அதன் பெயரை மட்டும் சொல்லும் மருத்துவனைப் போன்றது அத்தேர்வு.

வகுப்புசார் மதிப்பீடு இதனினும் மேலானது. ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலையை ஆசிரியரே கண்டு குறிக்கின்றார். நோய் தொடங்கும்போதே அறிய வழியுண்டு. ஆனால், இரக்கத்தாலோ, பள்ளியின் நற்பெயர் கருதியோ, இரண்டில் நிற்கும் பிள்ளைக்கு நான்கென்று எழுதினால் விளைவு யாது? வசதியுள்ள வீட்டார் குறையைத் தாமே அறிந்து பிரத்தியேக வகுப்புக்கு அனுப்புவர். ஏழைத் தாய்க்கோ ஆசிரியரின் சொல்லொன்றே சான்று. அச்சான்று பொய்த்தால், அவள் மகன் படிவ வகுப்பிலே பாடம் விளங்காது வாய்மூடி அமர்ந்திருக்கும் நாளில்தான் உண்மை வெளிப்படும். இதனைக் கருணை என்பது தகுமோ?

ஆதலின் பெற்றோரே, பிள்ளை எத்தனாவது இடம் என்று கேளாதீர். மூன்றாம் ஆண்டிலேயே, "என் மகன் தமிழிலும் மலாயிலும் ஒரு பக்கத்தைத் தானே படித்துப் பொருள் சொல்வானா?" என்று கேளுங்கள். இல்லையெனக் கூறும் ஆசிரியரைச் சினவாதீர். அவரே உமக்கு உற்ற நண்பர். சங்கத்தாரும் கோயிலாரும் பரிசளிப்பு மேடைக்குச் செலவிடும் பொருளிற் பாதியை, பின்தங்கிய பிள்ளைகளுக்கு மாலையில் வாசிப்புக் கற்பிக்கத் தருவாராக.

குறையைச் சொல்லி வழிகாட்டாது விடுதல் கொடுமை. குறையையே மறைத்தல் வஞ்சனை. முன்னதை ஒழித்தோம் என்று மகிழ்ந்து, பின்னதற்கு இடங்கொடோம்.